ஓ.டி. படிவத்தில் ஐந்தாவது கையெழுத்து: மதுரை வட்டாரக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சிறிய கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். நானும் ஒரு காலத்தில் உங்களைப் போன்றவர்களின் கல்லூரி ஒன்றுக்காக ஆடியவள்தான்.

போன வாரம் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளை ஒருத்தி, பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். நான்காக மடித்து, மடிப்பெல்லாம் வியர்வையில் நைந்துபோன ஓ.டி. படிவம். 'ஆன் டூட்டி', அதாவது கல்லூரிக்காக ஆடப் போன நாளை விடுப்பாகக் கணக்கிடாமலிருக்கக் கேட்கும் தாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போன மூன்று நாளுக்கு ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வாங்கிவிட்டாள். ஐந்தாமவர், "விளையாடப் போனது உன் இஷ்டம்மா, லேப் போனது போனதுதான்" என்று சொல்லிவிட்டாராம்.

அவள் இஷ்டமா? முதுகில் கல்லூரிப் பெயர் போட்ட பனியனோடுதானே ஆடினாள்? வாங்கி வந்த ஷீல்டு முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில்தானே இருக்கிறது?

காலை ஐந்து மணிக்கு மைதானம். குளித்துவிட்டு டவுன் பஸ். வகுப்பு முடிந்து மறுபடி மைதானம். ரெக்கார்டு நோட்டைத் திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்து எழுதுகிறாள். பஸ் குலுங்கும் இடத்தில் வரைபடக் கோடு நெளிந்திருக்கிறது. அதற்கும் அவளுக்குத் திட்டு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டில் ரெய்டு போய்த் திரும்பும்போது முழங்கால் லிகமெண்ட் கிழிந்தது. ஆட முடியாது என்று தெரிந்ததும் கட்டணச் சலுகை நின்றது. அம்மா தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். போட்டிக்குப் போனதால் எழுதாமல் விட்ட இன்டர்னலுக்கு மறுதேர்வு கிடையாது என்றார்கள். இரண்டு பாடம் அரியர். அதை முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. காவல்துறை எஸ்.ஐ. தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் டிகிரி வேண்டும். அந்த வருட அறிவிப்பு வந்தபோது என்னிடம் சான்றிதழ்கள் ஒரு கட்டு இருந்தன, டிகிரி இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். மார்க்கைச் சும்மா போடச் சொல்லவில்லை. தேர்வை எளிதாக்கவும் சொல்லவில்லை. தேர்வான பிள்ளைகளின் பட்டியல் உடற்கல்வி இயக்குநரிடமிருந்து முதல்வருக்குப் போகட்டும். முதல்வர் போடும் ஒரு கையெழுத்து எல்லாத் துறைக்கும் செல்லட்டும். தவறிய இன்டர்னலையும் லேபையும் திரும்பி வந்த பத்து நாளுக்குள் வைத்துவிடுங்கள். சேர்க்கும்போது கொடுத்த சலுகை, அடிபட்டாலும் படிப்பு முடியும்வரை தொடரட்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

உங்கள் சிரமம் தெரியும். ஒரே லேப், இரண்டே ஆசிரியர்கள். ஓ.டி.யைச் சாக்காக வைத்து ஊர் சுற்றும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை நானே களத்தில் இறக்க மாட்டேன். ஆனால் சின்னக் கல்லூரியில்தான் இதைச் செய்வது சுலபம். வகுப்புக்கு நாற்பது பேர். யார் ஆடப் போனார், யார் போகவில்லை என்பது வாசலில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணனுக்குக்கூடத் தெரியும்.

சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி பாட்டி வளர்த்த பிள்ளை. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். நம் மதுரை லேடி டோக் கல்லூரியில் படித்தபடியே ஓடியவர்தான் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். படிப்பையும் ஓட்டத்தையும் சேர்த்துக் கொண்டுபோக இந்த ஊரில் முடியும்.

உடற்கல்வி இயக்குநர்களுக்கும் ஒரு வார்த்தை: நட்புப் போட்டிக்குத் தேதி குறிக்கும் முன் தேர்வு அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு ஐந்தாவது கையெழுத்து இன்னும் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக அணிக்கான தேர்வு அடுத்த மாதம். "போகட்டுமா அக்கா, வேண்டாமா?" என்று கேட்கிறாள். நாளைச் சாயங்காலமும் கேட்பாள்.

அன்புடன்,
வாடிப்பட்டிப் பக்கத்து முன்னாள் கபடி வீராங்கனை