2024–25 ஆண்டறிக்கை: பள்ளிகளுக்கான பார்சல் வரி வாக்கெடுப்பும் நம் சங்கத்தின் பணியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் குடும்பங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவும், கோடைகால ஒன்றுகூடலும் வழக்கம்போல் நிறைவாக நடந்தன. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தையும் உழைப்பையும் மிகுதியாகக் கொண்டது 2024 நவம்பர் 5ஆம் தேதித் தேர்தலில் நம் பள்ளி மாவட்டம் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வாக்கெடுப்புக்கு முன்வைத்த பார்சல் வரி, அதாவது மனை வரி, என்பதால், இவ்வறிக்கையை அதற்கே ஒதுக்குகிறேன்.

கலிபோர்னியாவில் பள்ளிக்குப் பணம் போதவில்லை என்றால் உள்ளூரில் சொத்து வரியை உயர்த்திக்கொள்ள முடியாது. 1978 ஜூன் மாதம் வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொப்பசிஷன் 13 (மாநில வாக்குச்சீட்டு முன்மொழிவு), சொத்து வரியை மதிப்பீட்டுத் தொகையில் 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றும் விதித்தது. உள்ளூர் அரசு அமைப்புகள் குறிப்பிட்ட நோக்கத்துக்காக முன்வைக்கும் வரி எதுவாயினும் வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலிருந்தே வந்தது. இந்தச் சட்டத்துக்குள் பள்ளி மாவட்டங்களுக்கு மிஞ்சிய வழி, வீட்டின் மதிப்பைப் பாராமல் ஒவ்வொரு மனைக்கும் ஒரு தொகை என்று வசூலிக்கும் பார்சல் வரி ஒன்றுதான். பள்ளிக் கட்டடங்களுக்கான கடன் பத்திரங்களுக்கு 2000ஆம் ஆண்டு முதல் 55 சதவீத ஆதரவு போதும். ஆனால் அந்தப் பணத்திலிருந்து ஆசிரியருக்கு ஒரு மாதச் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. அதே நவம்பர் தேர்தலில் மாநிலம் முழுவதற்கும் வந்த புரொப்பசிஷன் 2, கல்விக் கட்டடங்களுக்கு 1,000 கோடி டாலர் கடன் பெற அனுமதி கேட்டது. அதற்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்கே போதும் என்பதால் அது நிறைவேறியது. நம் மாவட்டம் கேட்டதோ நூலகர்களையும், மனநல ஆலோசகர்களையும், இசை ஆசிரியர்களையும் பணியில் தொடர வைப்பதற்கான தொகை.

பள்ளி நிர்வாகம் அரசுப் பணத்தைக் கொண்டு ஆதரவுப் பிரசாரம் செய்யக்கூடாது. 1976ஆம் ஆண்டின் ஸ்டான்சன் எதிர் மாட் தீர்ப்புக்குப் பின் அந்த எல்லை தெளிவாகவே இருக்கிறது. எனவே வீடு வீடாகச் சென்று பேசும் வேலை பெற்றோருக்கும் நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் உரியதாகிறது. வரிவிலக்குப் பெற்ற சங்கம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக்கூடாது என்றாலும், வாக்குச்சீட்டில் வரும் முன்மொழிவைப் பற்றி வரம்புக்கு உட்பட்டு நிலைப்பாடு எடுக்கலாம் என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே, ஆகஸ்ட் மாதச் சிறப்புக் கூட்டத்தில் பார்சல் வரியை ஆதரிக்கும் தீர்மானத்தை முன்வைத்தோம்.

அந்தக் கூட்டத்தில் எழுந்த மறுப்புகளை இங்கே பதிவுசெய்வது என் கடமை. ஓய்வூதியத்தில் வாழும் மூத்த உறுப்பினர் ஒருவர், இரண்டு அறை கொண்ட தம் அடுக்ககத்துக்கும் எதிரே உள்ள வணிக வளாகத்துக்கும் ஒரே தொகை விதிப்பது எந்த வகையில் நியாயம் என்று கேட்டார். அக்கேள்விக்கு நம்மிடம் நல்ல விடை இல்லை. தொகை எல்லா வகை மனைகளுக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்ல முடிந்தது. 65 வயது கடந்த வீட்டு உரிமையாளர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது தானாகக் கிடைக்காது, விண்ணப்பிக்க வேண்டும் என்று விளக்கியபின் அவர் தீர்மானத்துக்கு ஆதரவளித்ததோடு, மற்ற மூத்தவர்களுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். அவருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொருவர், தமிழ்நாட்டில் நம் ஊரில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டி வந்தோமே, அதற்கு யாரும் நம்மிடம் வாக்குக் கேட்கவில்லையே என்றார். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் தந்த அந்த வரியால் வளர்ந்த கிளை நூலகங்களில் படித்தவர்கள் நம்மில் பலர். அவர் அதைச் சொன்னபின் கூட்டத்தின் போக்கே மாறியது என்பது என் கணிப்பு.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒவ்வொரு வார இறுதியிலும் தொண்டர்கள் தமிழில் அச்சிட்ட விளக்கத்தாளுடன் குடியிருப்புகளுக்குச் சென்றனர். அப்போது தெரியவந்த ஒன்று எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. நம் உறுப்பினர்களில் வீடு வாங்கி வரி கட்டி, பிள்ளைகளை இந்தப் பள்ளிகளுக்கு அனுப்பும் பலர் எச்-1பி விசாவிலோ பச்சை அட்டையிலோ இருப்பதால் அவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்குரிமை பெற்ற குடிமக்களில் வாடகை வீட்டில் இருக்கும் பலரோ, வரி வீட்டுக்காரருக்கானது, தமக்கு இதில் வேலையில்லை என்று எண்ணி இம்முன்மொழிவுக்கான கட்டத்தை நிரப்பாமலே சீட்டை அனுப்பிவிட்டனர். 10 மாநில முன்மொழிவுகள் கொண்ட நீண்ட வாக்குச்சீட்டில் உள்ளூர் முன்மொழிவு கடைசியில் வந்ததும் ஒரு காரணம். நிரப்பாத கட்டம் எந்தப் பக்கமும் எண்ணப்படுவதில்லை என்றாலும், மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும் இடத்தில் ஒவ்வொரு 'வேண்டாம்' வாக்குக்கும் இரண்டு 'வேண்டும்' வாக்குகள் வேண்டும். ஆதரவாளர் ஒருவர் ஒதுங்கினாலும் இழப்பு நமக்கே.

பத்தில் ஆறு பேருக்கு மேல் ஆதரித்தும் முன்மொழிவு தோற்றது. தபால் சீட்டுகள் தேர்தலுக்குப் பின் ஏழு நாள் வரை வந்து சேரலாம் என்பதால் அந்த வாரம் முழுவதும் எண்ணிக்கை மெல்ல ஏறியது, ஆனால் எல்லையைத் தொடவில்லை. மாநிலச் சட்டப்படி மார்ச் 15க்குள் தரவேண்டிய பணிநீக்க முன்னறிவிப்பைப் பெற்றவர்களில் நம் தமிழ்ப் பள்ளிக்கு வகுப்பறைகளைத் திறந்துவிட்டு உதவி வந்த நூலகரும் ஒருவர்.

மற்ற ஊர்களின் அனுபவத்தையும் செயற்குழு ஆராய்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2019 ஜனவரியில் ஆசிரியர் வேலைநிறுத்தத்துக்குப் பெரும் மக்கள் ஆதரவு இருந்தும், அதே ஆண்டு ஜூனில் வந்த பார்சல் வரி பாதி வாக்குகளைக்கூடப் பெறவில்லை. சான் பிரான்சிஸ்கோவிலோ 2020 நவம்பரில், ஆசிரியர் ஊதியத்துக்காக மனைக்கு 288 டாலர் கேட்ட முன்மொழிவு சுமார் நான்கில் மூன்று பங்கு ஆதரவுடன் வென்றது. ஆள் கூடும் பொதுத் தேர்தலும், பணம் யாருக்குப் போகும் என்ற தெளிவும் அங்கே கைகொடுத்தன என்று கருதுகிறேன். நமக்குப் பொதுத் தேர்தல் வாய்த்தது, தெளிவுதான் வாய்க்கவில்லை. 'கல்வித் தரம்' என்று பொதுவாக எழுதிய நம் விளக்கத்தாளில் நூலகர், ஆலோசகர் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். அதைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன், அக்குறைக்குப் பொறுப்பேற்கிறேன்.

பள்ளி மாவட்டம் இவ்வரியை மீண்டும் முன்வைக்க எண்ணினால், வாடகைக் குடியிருப்புகளில் உள்ள வாக்காளர்களை முதலில் சந்திப்பது, குடியுரிமை பெற்றதும் வாக்காளராகப் பதிவுசெய்ய உதவும் மாதாந்திர முகாமை நடத்துவது, மூத்தோர் விலக்குப் படிவ உதவியைத் தொடர்வது ஆகிய மூன்றுக்கும் செயற்குழு ஒப்புதல் கோருகிறது. முகாமுக்கு இதுவரை எட்டுத் தொண்டர்கள் பெயர் தந்துள்ளனர்; இன்னும் நால்வர் தேவை. பதிவேடு வாயிற்புற மேசையில் உள்ளது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்