போர்ச்சுகல் பயணத்துக்கென்று விற்ற பாடத்தில் பிரேசில் சொற்கள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: ஆண்டுச் சந்தாதாரர், மதுரை
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், மொழிப்பாடச் செயலி நிறுவனம்

பொருள்: 'பயணிகளுக்கான போர்ச்சுகீசியம்' பாடம், தமிழ்வழி. விளம்பரத்துக்கும் பாடத்துக்கும் பொருத்தமில்லாதது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் செயலியில் மேற்கண்ட பாடத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன். பாடத்தின் முகப்பில் லிஸ்பனின் மஞ்சள் டிராம் படமும் போர்ச்சுகல் கொடியும் இருக்கின்றன. 'லிஸ்பன், போர்த்தோ செல்வோருக்கு' என்று கீழே எழுதியும் இருக்கிறது. அதை நம்பித்தான் வாங்கினேன். அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த இரண்டு ஊர்களுக்கும் போய்வர வேண்டும், யாரையும் அண்டாமல் டிக்கெட் எடுக்கவும் சாப்பாடு கேட்கவும் தெரிய வேண்டும் என்பதுதான் என் தேவை. தினமும் ஒழுங்காகப் படித்தேன். பாடத்தை முழுதாக முடித்தேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருப்பது அடியோடு பிரேசில் நாட்டுப் போர்ச்சுகீசியம் என்று.

இரண்டும் ஒரே மொழிதான், மறுக்கவில்லை. ஆனால் பயணிக்கு வேண்டிய அன்றாடச் சொற்களில்தான் இரண்டு நாடுகளும் அதிகமாகப் பிரிகின்றன. ரயிலுக்கு உங்கள் பாடம் 'ட்ரெம்' என்கிறது, போர்ச்சுகலில் 'கொம்போயு'. பேருந்துக்கு நீங்கள் சொல்லித் தந்தது 'ஓனிபுஸ்', அங்கே 'ஆட்டோகார்ரு'. காலைச் சாப்பாட்டுக்கு 'கஃபே த மஞ்ஞா' என்றீர்கள்; தங்கிய விடுதியில் எழுதி ஒட்டியிருந்தது 'பெகெனு அல்மோசு'. கழிப்பறை, கைபேசி, பேருந்து நிறுத்தம், ஐஸ்கிரீம் எல்லாமே இப்படித்தான். எண்களில்கூட விடவில்லை. தொலைபேசி எண் சொல்லும்போது ஆறுக்கு 'மெய்யா' என்று சொல்லச் சொல்கிறது பாடம். அது பிரேசில் வழக்கம். போர்ச்சுகலில் ஆறு என்றால் 'செய்ஷ்'தான். விடுதியில் என் எண்ணைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த பெண் பாதியில் பேனாவை நிறுத்திவிட்டார்.

இதை உங்கள் சேவை மையத்துக்கு லிஸ்பனில் இருந்தே எழுதினேன். 'போர்ச்சுகல் மக்களுக்குப் பிரேசில் சொற்கள் புரியும், எனவே இது குறைபாடு ஆகாது' என்று பதில் வந்தது. அவர்களுக்குப் புரியும், உண்மை. பிரேசில் தொலைக்காட்சித் தொடர்கள் 1977 முதல் அங்கே ஓடுகின்றன. சின்னப் பிள்ளைக்கும் 'ட்ரெம்' என்றால் என்ன என்று தெரியும். நான் பேசியது அவர்களுக்குப் புரிந்ததும் உண்மை. அவர்கள் சொன்ன பதில்தான் எனக்குப் புரியவில்லை. பலகையில் எழுதியிருந்ததும் புரியவில்லை. பயணிக்குப் பேசுவது கால் பங்கு. மீதி முக்கால் பங்கு காதில் விழுவதும் கண்ணில் படுவதும்தான். அந்த முக்கால் பங்குக்கு உங்கள் பாடம் உதவவே இல்லை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். லிஸ்பனுக்குப் பக்கத்து ஊரான சிந்த்ரா போவதற்காக ரோசியு ரயில் நிலையத்தில் நின்றிருந்தோம். மின்பலகையில் எங்கள் ரயிலுக்கு நேராக 'சுப்ரிமிது' என்று வந்தது. சுற்றியிருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனார்கள். ரயில் ரத்து என்பதற்குப் பாடத்தில் இருப்பது 'கான்செலாது' ஒன்றுதான். அதனால் ரயில் தாமதமா, வேறு பக்கம் மாறிவிட்டதா என்று தெரியாமல் அம்மாவை நிற்க வைத்துவிட்டு, அங்குமிங்கும் ஓடி விசாரித்தேன். ஒலிபெருக்கியில் 'லிஞ்ஞா' இத்தனை என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். அது நடைமேடை எண். உங்கள் பாடத்தில் 'ப்ளாட்டாஃபோர்மா' மட்டும்தான் உண்டு. கடைசியில் ஒரு கல்லூரி மாணவர்தான் ஆங்கிலத்தில் விளக்கி, அடுத்த ரயில் வரும் இடத்தைக் காட்டினார். அங்கே ரயில்வே வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கிற ஒன்று. 'கிரேவ்' என்ற அந்தச் சொல்லாவது பாடத்தில் இருக்கிறதா என்று தேடினேன். அதுவும் இல்லை.

அடுத்தது சாப்பாடு. அம்மா சுத்த சைவம். 'சைவ உணவு' என்ற தலைப்பில் நீங்கள் வைத்திருப்பது 'செம் கார்ன்' என்ற ஒரே சொற்றொடர்: இறைச்சி இல்லாமல். அப்படிச் சொன்னால் மீனைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கருவாட்டுக் கோட் மீனான 'பக்கல்யாவ்' இல்லாத உணவுப் பட்டியலே போர்ச்சுகலில் கிடையாது என்கிறபோது, மீன் இல்லாமல் என்று கேட்கப் பாடத்தில் ஒரு வரி வேண்டாமா? 'கால்து வெர்து' என்ற கீரை சூப்பைப் பார்த்தால் சைவம் போலத்தான் இருக்கும், ஆனால் அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு போடுவது வழக்கம். 'தோஷ்தா மீஷ்தா' என்று ஒவ்வொரு கடையிலும் விற்கும் ரொட்டியில் பாலாடைக்கட்டியோடு 'ஃபியாம்ப்ரெ' என்கிற பன்றி இறைச்சித் தகடு இருக்கும். போர்த்தோவில் ஒரு கடையில் அம்மா அந்த ரொட்டியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இளஞ்சிவப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அன்று இரவு வரை பழமும் பாலும்தான். தமிழ்வழிப் பாடம் என்று விற்கிறீர்கள். தமிழர்களில் சைவம் சாப்பிடுபவர்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததா?

உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பதற்கு 'கூவேர்' என்று பெயர். கேட்காததற்குக் காசு வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. 'இதை நான் கேட்கவில்லை' என்று பணிவாகச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். பாடத்தில் இல்லை. மருந்துக் கடை, மாத்திரை, தலைசுற்றல் போன்றவையும் இல்லை. இரவில் எந்த மருந்துக் கடை திறந்திருக்கும் என்று விசாரிக்கக்கூட வழியில்லை. ஆனால் கால்பந்துக்கும் கடற்கரை விருந்துக்கும் தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன.

இல்லாதது போகட்டும். தப்பாகவே எழுதியிருப்பதை என்னவென்று சொல்வது? நன்றி சொல்லும் பாடத்தில், 'ஆணிடம் பேசும்போது ஒப்ரிகாது, பெண்ணிடம் பேசும்போது ஒப்ரிகாதா' என்று குறிப்பு போட்டிருக்கிறீர்கள். இது தலைகீழ். சொல்பவர் ஆணா பெண்ணா என்பதுதான் கணக்கு. ஆண் யாரிடம் சொன்னாலும் 'ஒப்ரிகாது', பெண் யாரிடம் சொன்னாலும் 'ஒப்ரிகாதா'. எந்தத் தொடக்கப் புத்தகத்திலும் முதல் பக்கத்திலேயே இருக்கிற விஷயம் இது. அந்த மொழி தெரிந்த ஒருவர்கூட இந்தப் பாடத்தை ஒருமுறை படித்துப் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. போர்ச்சுகீசியம் தமிழருக்கு அன்னியமான மொழி இல்லை. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை எல்லாம் அங்கிருந்து நம் வீட்டுக்குள் வந்த சொற்கள். இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்கள்; அதுவும் அங்கிருந்து வந்ததே. 1554-லேயே தமிழையும் போர்ச்சுகீசியத்தையும் சேர்த்து லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சாகியிருக்கிறது, தமிழை ரோமன் எழுத்தில் போட்டு. தமிழர் ஒருவருக்கு இந்த மொழியின் முதல் ஐம்பது சொற்களைச் சொல்லித் தருவது எவ்வளவு சுலபம்! நீங்களோ ஆங்கிலப் பாடத்தை இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கியிருக்கிறீர்கள். அன்னாசிப் பழச்சாற்றுக்கு 'சூக்கு தெ அபகஷி' என்று பிரேசில் வழக்கைக் கற்றுத் தருகிறீர்கள். போர்ச்சுகலில் அது 'சூமு த அனனாஷ்'. அந்த அனனாஷ்தான் நம்முடைய அன்னாசி. கடையில் அட்டைப்பெட்டியில் அந்தப் பெயரைப் படித்ததும் அம்மாவே அது என்ன பழம் என்று சொல்லிவிட்டார். படம் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூக்கொலி வருகிற இடங்களை எல்லாம் தமிழ் எழுத்தில் வெறும் 'ஆவோ' என்று போட்டிருக்கிறீர்கள். ரொட்டி என்ற சொல்லை அப்படி மூக்கொலி இல்லாமல் சொன்னால் கட்டை என்று பொருள்படும்.

சரி, எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சந்தா தொகை முழுவதும் திருப்பித் தரப்பட வேண்டும். 'பாடம் முடிக்கப்பட்டுவிட்டதால் பணம் தர இயலாது' என்று நீங்கள் சொன்னால் ஏற்க மாட்டேன்; முடித்துவிட்டு அங்கே போன பிறகுதான் நீங்கள் விற்றது வேறு பாடம் என்று தெரிந்தது. அப்புறம், இந்தப் பாடத்தின் முகப்பில் இருந்து போர்ச்சுகல் கொடியையும் லிஸ்பன் படத்தையும் எடுத்துவிட்டு, 'பிரேசில் போர்ச்சுகீசியம்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பிரேசிலுக்குப் போகிறவருக்கு இதே பாடம் உதவும், அவர் நம்பி வாங்கட்டும். நன்றி சொல்வது பற்றிய தவறான குறிப்பை உடனே திருத்துங்கள். ஏற்கெனவே பணம் கட்டிப் போர்ச்சுகல் கிளம்ப இருக்கிற மற்ற சந்தாதாரர்களுக்கும் இதைத் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் எனக்கு உரிமை தருகிறது. முகப்புப் படம், பாடப் பக்கங்கள், உங்கள் சேவை மையத்தின் பதில் ஆகியவற்றின் திரைப்பிடிப்புகளை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்
மதுரை