எந்த ஹார்மோன் என்று எழுத வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் பால் பற்றி வந்த கட்டுரையில், ‘ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் வாங்கிய பாலில் ஹார்மோன் இருப்பதை ஆய்வகம் உறுதிசெய்ததால், ஊசி போட்டே கறக்கிறார்கள் என்பது தெளிவாகிறது’ என்று ஒரு வரி இருந்தது. எந்த ஹார்மோன், எவ்வளவு, எந்த முறையில் பார்த்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. தாராபுரம் பக்கம் தலைமுறையாக மாடு வைத்துப் பிழைக்கும் எங்களைக் குற்றவாளிகளாக்க அந்த ஒரு வரி போதுமா?

தாங்கள் அறியாததல்ல, ஊசியே காணாத மாட்டின் பாலிலும் ஹார்மோன் உண்டு. சினை மாட்டைக் கறந்தால் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் இயல்பாகவே பாலில் இருக்கும். கன்று முட்டும்போது மாட்டின் உடம்பிலேயே சுரந்து பாலை இறக்குவதும் ஆக்சிடோசின்தான், திருட்டுத்தனமாக ஊசியில் ஏற்றுவதும் அதே ஆக்சிடோசின்தான். இரத்தத்தில் அது சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். அப்படியிருக்க, பாலில் தென்பட்டது என்பதை மட்டும் வைத்து ஊசி போட்டதாக எப்படி முடிவு கட்டினீர்கள்? எலைசா (நிறம் மாறுவதை வைத்து அளவைக் கணிக்கும் ஆய்வகச் சோதனை) போன்றவற்றில் பாலின் கொழுப்பும் புரதமும் குறுக்கிட்டு அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், மூலக்கூறின் எடையை வைத்து பொருளை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் மறுபடி பார்த்து உறுதிசெய்வதே முறை.

ஊசி போடுவோரே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கன்று செத்த மாட்டுக்கு, லேபிள் இல்லாத புட்டியிலிருந்து மருந்து ஏற்றியதைக் கண்ணால் கண்டு சண்டையும் போட்டிருக்கிறேன். அந்த வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கொடுமைக்குத் தண்டனை வேண்டும். ஆனால் 2019-இல் வெளியான தேசியப் பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 5.7 விழுக்காட்டில் அஃப்லாடாக்சின் எம்1 வரம்பை மீறியிருந்ததும், அதில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றதும் தங்களுக்கு ஏன் பெரிதாகப் படவில்லை? பூஞ்சை பிடித்த புண்ணாக்கிலும் தீவனத்திலும் இருந்து வரும் நஞ்சு அது. கடன் வாங்கி மூட்டை எடுக்கும் எங்களால் அதைக் கண்டறிய முடியாது. இதைப் பற்றி அப்போதே நான் எழுதிய கடிதம் அச்சேறவில்லை. சங்கத்தில் கொழுப்பையும் இதர சத்தையும் மட்டும் அளந்து விலையைக் குறைக்கிறார்களே தவிர, தீவனத்தைச் சோதித்துத் தர இன்றுவரை ஒருவரும் முன்வரவில்லை.

தங்கள் கட்டுரை வந்த பிறகு, என் பிள்ளைகள் பிறக்கும் முன்பிருந்தே எங்களிடம் பால் வாங்கும் வீட்டில், பேரக்குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, தங்கள்மேல் உண்டு.

சோதித்த ஹார்மோனின் பெயர், கண்ட அளவு, சோதனை முறை ஆகிய மூன்றையும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பால் உற்பத்தியாளர்,
தாராபுரம் வட்டம்.