மலையேறப் போகும் கதிருக்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், டிராஃபிக்கைத் தவிர.

கதிர் அக்டோபரில் உத்தராகண்ட் மலைக்குப் போகிறான் என்று புலம்பியிருக்கிறாய். பயப்படாதே என்றால் கேட்க மாட்டாய். உருப்படியாக ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆபீஸ் பையன்கள் வெள்ளி இரவு பஸ் ஏறி குமார பர்வதம் போகிறார்கள். பையில் பவர் பேங்க் இரண்டு இருக்கும், விசில் இருக்காது.

வழி தப்பினால் அலையக்கூடாது. கடைசியாகப் பார்த்த இடத்தைச் சுற்றித்தான் முதலில் தேடுவார்கள். தீ மூட்டி உட்கார்ந்தால் குளிர் அடங்கும். அதைக் காக்க வேண்டுமே என்றாவது ஆள் அங்கேயே இருப்பான். இரவில் வெளிச்சம், பகலில் புகை. அடர்ந்த மரங்களுக்கு அடியில் மூட்டினால் புகை இலைகளுக்குள்ளேயே கலைந்துவிடும். ஆற்றங்கரையோ பாறைவெளியோ வேண்டும். சுமார் முப்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக மூன்று தீ எரிந்தால், ஆபத்து என்று உலகம் முழுக்கப் புரியும். தனியாள் மூன்றையும் காக்க முடியாது. ஒன்றை எரியவிட்டு, மற்ற இரண்டையும் சுள்ளி அடுக்கித் தயாராக வைக்கட்டும். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் பற்றவைத்துப் பச்சை இலையைப் போட்டால் வெள்ளைப் புகை கிளம்பும். உறைபனி மூடிய இடத்தில் அது தெரியாது. அங்கே ரப்பர் செருப்பை எரித்துக் கரும்புகை போட வேண்டும்.

ஈர விறகா? தரையில் கிடப்பதை விட்டு, மரத்திலேயே காய்ந்து நிற்கும் கிளையை ஒடிக்கச் சொல். பற்றவைக்க நம் பூஜைக் கற்பூரத்தை மிஞ்ச எதுவும் இல்லை, நனைந்தாலும் எரியும். டப்பா மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் வாசனைதான் மிஞ்சும்.

ஆனால் நம் பக்கத்து மலைகளில் மாசி முதல் சித்திரை வரை இந்த வித்தை வேண்டாம். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இறந்தது உனக்குத் தெரியும். மலைச்சரிவில் வளரும் போதைப்புல் காய்ந்திருக்கும்போது ஒரு பொறி போதும், காப்பாற்ற வருபவனும் மாட்டுவான். சரணாலயத்துக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. அங்கே விசிலை மும்மூன்றாக ஊதுவதும், கண்ணாடியை வெயிலில் காட்டி மின்னவைப்பதும்தான் சரி.

அப்புறம், தீப்பெட்டி, கற்பூரம் எதையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது. டேராடூனில் இறங்கி வாங்கிக்கொள்ளட்டும். தை மாதம் ஊருக்கு வருகிறேன், தங்கச்சியிடம் சொல்.

அன்புடன்,
சுந்தரம்