அக்டோபர் 2 கிராம சபை: வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காந்தி ஜெயந்தியன்று காலை 11 மணிக்கு ஊராட்சி அலுவலகத் திடலில் கிராம சபை கூடுகிறது. மழைக்காலத்துக்கு முன் நமக்குக் கிடைக்கும் கடைசிக் கூட்டம் இதுதான். அடுத்தது நவம்பர் 1. அதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும்.

நேற்று ரேஷன் கடை அருகேயுள்ள சிறுபாலத்தில் மூங்கில் கழியை விட்டுப் பார்த்தேன். முழங்கால் அளவுக்குச் சேறு, மேலே இளநீர்க் கூடுகளும் பிளாஸ்டிக் பைகளும். 2015 வெள்ளத்தில் கடலூர் பட்ட பாட்டை மறந்தவர் நம்மில் யாருமில்லை. வாய்க்காலை இப்போதே தூர்வார வேண்டும்.

1. மக்கள்தொகை 3,000-ஐத் தாண்டிய நம் ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு 200 பேர். ஆள் சேராவிட்டால் கூட்டமே செல்லாது.

2. வாய்க்கால் மனுவில் இன்றே கையெழுத்திடுங்கள். மனு என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

3. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதும் கிளம்பிவிடாதீர்கள். போன முறை பலர் அப்படிப் போனதால், நாம் கேட்ட தெருவிளக்கு தீர்மானப் புத்தகத்தில் ஏறவே இல்லை. தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழ வேண்டும்.

4. தெருக்குழாய்ப் பள்ளத்தில் சொம்பால் மொண்டு குடம் நிரப்பும் பெண்களே, நீங்களே பேசுங்கள். உங்கள் சொல்லுக்குத்தான் அங்கே எடை அதிகம்.

5. தேங்கிய நீரின் படங்களை இன்று இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள்.

வருபவர்கள் பெயரையும் தெருவையும் நாளை மாலை 6 மணிக்குள் எழுதுங்கள். நடக்க இயலாத பெரியவர்களை அழைத்துவர ஆட்டோ ஏற்பாடு செய்கிறேன்; தேவைப்படுவோர் தெரிவியுங்கள்.