ஐந்து நாள் தங்கலாம், அப்புறம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் குடும்ப வன்முறை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எப்படிப் பேசுவது, ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் என்னென்ன உதவி கிடைக்கும் என்றெல்லாம் விளக்கமாக எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம். ஆனால் “துணிந்து வெளியே வாருங்கள்” என்று சொன்னதோடு கட்டுரை முடிந்துவிட்டது. நீலகிரியில் பாதிப் பாடு வெளியே வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த மையத்தில் பொதுவாக ஐந்து நாள் வரை தங்கலாம். அப்புறம் எங்கே போவாள்?

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். செக்ரோல் (ஆட்களின் வருகை, கூலிப் பதிவேடு), பி.எஃப்., வீட்டுப் பதிவேடு எல்லாம் என் மேசையில்தான் இருக்கும். எஸ்டேட்டில் வேலையும் வீடும் சேர்ந்தே வரும். தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் தொட்டே இருந்துவரும் ஏற்பாடு. நடைமுறையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு லைன் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. கணவனும் மனைவியும் இரண்டு பேருமே பெர்மனன்ட் என்றாலும் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் கணவன் பெயர். கொழுந்து எடுப்பதில் முக்கால்வாசி பெண்கள், வீடு ஆண் பெயரில். யாருக்கும் இது விசித்திரமாகத் தெரிந்ததில்லை.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு பெண். பல வருஷம் சர்வீஸ் உள்ளவள், இலை எடுப்பதில் கெட்டிக்காரி. அடி தாங்காமல் இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அதுவும் லைன் வீடுதான்; அதில் தம்பி குடும்பமும் இருந்தது. வேலைக்கு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் அம்மா ரிட்டயர் ஆனார், வீட்டை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. எஸ்டேட்டின் அடுத்த பகுதியில், அதாவது அடுத்த டிவிஷனில், நாலைந்து வீடு பூட்டியே கிடந்தது. அதில் ஒன்றைத் தன் பெயருக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். “உங்க குடும்பத்துக்கு ஏற்கெனவே வீடு இருக்கே, புருஷன் பொண்டாட்டி சண்டையில நாங்க தலையிட முடியாது” என்று பதில் வந்தது. சங்கத் தலைவரிடம் போனாள். கூலி உயர்வுக்கு கேட் முன்னால் நாள் கணக்கில் உட்கார்ந்த மனிதர், “பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா, பேசி முடிச்சிடலாம்” என்றார். கடைசியில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். பூட்டியிருந்த வீடு ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆட்களுக்குப் போயிற்று. அவள் புருஷன் இன்னும் அதே வீட்டில், அதே வேலையில் இருக்கிறான். அடிபட்டவள் வீட்டையும் விட்டாள், சர்வீஸையும் விட்டாள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

சட்டம் இவள் பக்கம்தான் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்கிறது. 19-ஆவது பிரிவின்படி கணவனையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, இல்லையென்றால் வாடகை கொடு என்றும் உத்தரவிடலாம். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. 60 நாள் கணக்கைக் கோர்ட் வராண்டாவில் காத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். பந்தலூரிலிருந்து, இந்தச் சட்டப்படி மனுப் போட உதவும் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க ஊட்டிக்கு வருவதென்றால் போக வர அன்றைய நாளே சரி. மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் கிடையாது. வக்கீலுக்காவது செலவு வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்தால் போதும். இது எங்கள் லைனில் பலருக்குத் தெரியாது.

உத்தரவு கையில் கிடைத்தாலும் அதே லைனில் இருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. இடப்பக்கச் சுவர் கொழுந்தன் வீடு, வலப்பக்கம் மாமியார் வீடு, நடுவில் இவள். அதனால்தான் அடுத்த டிவிஷன் வீடு என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இளவட்டங்கள் கோவை, திருப்பூர் என்று இறங்கிப் போனதில் பல எஸ்டேட்களில் லைன்கள் காலியாகிக் கிடக்கின்றன. டிவிஷன் மாற்றிப் போடுவது மேனேஜர் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம். புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். அடுத்த கூலி ஒப்பந்தத்தில் இதை ஒரு கோரிக்கையாகச் சேர்க்க எந்தச் சங்கத்துக்கும் ஏன் தோன்றவில்லை?

வீட்டுக்கு அடுத்தது காகிதம். மகளிர் உரிமைத்தொகை ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். பிரிந்து வந்தவள் பெயர் கணவன் கார்டிலேயே இருக்கும்; அதிலிருந்து நீக்கினால்தான் புதுக் கார்டு, புதுக் கார்டுக்குத் தனி வீட்டு முகவரி வேண்டும். மறுபடி வீட்டிலேயே வந்து நிற்கிறோம் பாருங்கள். கைவிடப்பட்ட மனைவியருக்கான ஓய்வூதியம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்து ஆகாதவள் என்றால் கைவிடப்பட்டு ஐந்து வருஷமாவது கடந்திருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் ஐந்து வருஷம் அவள் எதைச் சாப்பிடுவாள் என்று யோசித்தாரா தெரியவில்லை. பிள்ளைகள் படிப்பைப் பற்றி மட்டும் அவ்வளவு பயம் வேண்டாம். அரசுப் பள்ளியில் டி.சி. வர நேரமாகிறது என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.

என் பழைய மேசையிலிருந்து ஒன்று சொல்கிறேன். வேலையில் இருக்கும் பெண்கள் பி.எஃப். நாமினியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கணவன் பெயர்தான் இருக்கும். கணவனைக் குடும்பத்திலிருந்து விலக்க விரும்புகிறேன் என்று பெண் உறுப்பினர் பி.எஃப். ஆணையருக்கு எழுத்தில் கொடுத்தால், அந்தக் கணக்கைப் பொறுத்தவரை அவனும் அவனைச் சார்ந்த அவன் பெற்றோரும் அவள் குடும்பத்தில் சேர மாட்டார்கள். அப்புறம் பிள்ளைகளை நாமினியாகப் போடலாம். 1952-ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. சம்பளம் ஏறும் பேங்க் கணக்கின் ஏ.டி.எம். கார்டு யார் பையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிட்டால் நல்லது.

சொந்தமாகத் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் வீட்டில் பட்டா விவகாரம் இருக்கிறது, அது பெரிய கதை, இங்கே எழுதவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நிருபர் யாரையாவது இந்த மாவட்டத்தின் எஸ்டேட் ஆபீஸ்களுக்கு அனுப்புங்கள். அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தையும் விட வேண்டாம். பதிவேட்டில் மொத்தம் எத்தனை வீடு, அதில் பெண் பெயரில் எத்தனை, இப்போது பூட்டிக் கிடப்பது எத்தனை என்று கேட்டு வாங்கி அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் ஊழியர்,
கோத்தகிரி
(பெயரை வெளியிட வேண்டாம்)