செவலையின் தையல் பிரியும் வரை

பாளையங்கோட்டை

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. கைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். சனிக்கிழமை இரவு நீ வீடியோவில் "செவலை" என்று கூப்பிட்டதும், அறுவை முடிந்து ஐந்தே நாளான நம் நாய், சாக்கிலிருந்து துள்ளி எழுந்து, கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு கதவு நிலையில் இடித்ததையும் பொருட்படுத்தாமல், வாசல் திண்ணைமேல் பாய்ந்துவிட்டது. மறுநாள் தையலின் கீழ்முனையில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். தையல் விடவில்லை என்றும், தோலுக்கடியில் நீர் கோத்திருக்கிறது, ஆட்டம் குறைந்தால் தானாக வற்றும் என்றும் டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் தெருமுனைக்குப் போய் உன்னிடம் பேசலாம். ஆனால் உன் அம்மாவுக்கு ஸ்பீக்கர் போடாமல் பேசத் தெரியாது. ஆகவே இப்போதைக்குக் கடிதம்தான்.

நேரில் சொல்ல வராத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன்பே கருப்பையை எடுத்துக் கருத்தடை செய்துவிடலாம் என்று நீ சொன்னாய். வாயில்லா ஜீவன்மேல் எதற்குக் கத்தி வைக்க வேண்டும் என்று நான்தான் தட்டிக்கழித்தேன். இப்போது இணைசேரும் பருவம் முடிந்து ஐந்து வாரத்தில், அது வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தபோதும், சித்திரை வெயில் என்றே நினைத்தேன். வயிறு உப்பி, சோற்றைத் திரும்பியும் பார்க்காமல் சுருண்டுகொண்ட பிறகே இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கருப்பையில் சீழ் கோத்து, வெளியேற வழியின்றி வாய் மூடியிருந்தது. எடுத்த பிறகு தட்டில் காட்டினார்கள். விரல் பருமன்கூட இருக்கக்கூடாத இரண்டு கிளைகளும் நேந்திரங்காய் போல வீங்கிக் கிடந்தன. எட்டு வயதில் அது அந்த வலியோடு வாலாட்டியிருக்கிறது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

முதல் இரவு மயக்கம் தெளியாமல் நடுங்கி முனகிக்கொண்டே இருந்தது. உன் பழைய போர்வையைச் சுற்றி, தண்ணீரைச் சிறிது சிறிதாக வைத்து, ஈறு வெளுக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வெளுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருளாம். ஆனால் அந்த இரவைவிட இந்த நாட்கள்தாம் கடினம். அப்போது அது அசையவில்லை. இப்போது குணமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு அணிலைக் கண்டால் எழுகிறது. வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தைத்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? வழுக்கும் தரை முழுவதும் சாக்கு விரித்து, திண்ணைக்குக் குறுக்கே பலகை வைத்து, சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து வேப்பமரம் வரை அழைத்துப் போகிறேன்.

கூம்பைக் கழற்றச் சொல்லி அம்மா தினமும் கண்கலங்குகிறாள். ஒரு நிமிடம் நக்கவிட்டால் தையல் போச்சு என்று நான் இணங்குவதில்லை. சாப்பிடும்போது மட்டும், நான் எதிரில் உட்கார்ந்தபடி, கழற்றுகிறேன். வெங்காயம், மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியைக் குழைந்த சோற்றில் பிசைந்து கொடுக்கிறோம். மாத்திரையை அவித்த முட்டைக்குள் ஒளித்தால், முட்டையைத் தின்றுவிட்டு மாத்திரையை நாகரிகமாகத் தரையில் வைத்துவிடுகிறது. நாம் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமே என்றான் உன் சித்தப்பா. இபுப்ரோஃபன் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால் அதட்டி அனுப்பினேன்.

இன்று காலை காய்ச்சல் பார்த்தேன், 101.5. நாய்க்கு அது சரியான சூடு. வீக்கமும் எலுமிச்சையிலிருந்து நெல்லிக்காய்க்கு இறங்கியிருக்கிறது.

லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாயாமே. வேண்டாம் அம்மா, நீ வாசலில் வந்து நின்றால் இந்தப் பலகையெல்லாம் எந்த மூலைக்கு? வரும் சனிக்கிழமை, பன்னிரண்டாம் நாள், தையல் பிரிக்கிறார்கள். அன்று மாலை நானே கூப்பிடுகிறேன். ஸ்பீக்கரை அம்மாவே போடட்டும்.

அன்புடன்,
அப்பா